வளராத கிருமி: மலையக இளைஞர் ஒருவரின் பதினொரு மாத நீர்க்கடுப்பு

இங்கே வரும் நோயாளர் ஒரு குறிப்பிட்ட மனிதர் அல்ல. சிறுநீர்வழிக் காசநோயில் வழக்கமாகக் காணும் விபரங்களைக் கோத்து, கற்பித்தலுக்காக அமைத்த நிகழ்வு இது.

வந்தபோது

வயது 26. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தேயிலை ஸ்டோரின் ரோலர் அறையில் வேலை. மணமாகவில்லை, தை மாதத்துக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். பதினொரு மாதமாக அடிக்கடி சிறுநீர் போகிறது, முடிக்கும்போது கடுப்பு, இடையிடையே கடைசிச் சொட்டில் இரத்தம்.

"ஒன்னுக்குப் போய்ட்டு வந்து ரோலர்கிட்ட நிக்க முன்னயே மறுபடி முட்டுது டாக்டரய்யா. ராத்திரிக்கு அஞ்சு தடவ எந்திரிக்கிறேன். கக்கூஸ் லயத்துக்குக் கீழ இருக்கு, பனியில எறங்கிப் போகணும்."

ஹட்டனிலிருந்து கண்டிக்கு வரும் வழியில் கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று மூன்று இடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, அடுத்த பஸ்ஸில் ஏறி வந்திருந்தார். ஸ்டோரில் வேலை நேரத்தில் காணாமல் போகிறார் என்று இரண்டு தடவை எச்சரிக்கை கிடைத்திருந்தது.

கையில் ஒரு சொப்பின் பை. அதற்குள் ஒன்பது சீட்டுகள், மூன்று சிறுநீர் அறிக்கைகள், பாதி முடிந்த மாத்திரை அட்டைகள். அவற்றைத் திகதி வாரியாக மேசையில் அடுக்கப் பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தில் கிடைத்தது பிறகு எடுத்த பல பரிசோதனைகளில் கிடைக்கவில்லை.

முதல் மாதம், தோட்ட டிஸ்பென்சரியில் நோர்ஃப்ளொக்சசின் 400 மி.கி., நாளுக்கு இரண்டு வேளை, 7 நாள். கடுப்பு குறைந்தது. மூன்றாம் மாதம், டவுனில் சிப்ரோஃப்ளொக்சசின் 500 மி.கி., 10 நாள். மறுபடி குறைந்தது, மறுபடி வந்தது. ஐந்தாம் மாதம்தான் முதல் சிறுநீர்ப் பரிசோதனை: நுண்ணோக்கியின் ஒரு பார்வைப் புலத்தில் சீழ்க்கலம் 40–50, செங்கலம் 10–15, புரதம் மிகச் சிறிதளவு, அமிலத்தன்மை. கிருமி வளர்ப்பில் "வளர்ச்சி இல்லை". ஆறாம் மாதம் புரோஸ்டேட் அழற்சி என்று லெவோஃப்ளொக்சசின் 500 மி.கி., 14 நாள். அந்த இரண்டு வாரமும் நல்ல சுகம். ஏழாம் மாதம் பாலியல் தொற்றாக இருக்கலாம் என்று டொக்சிசைக்ளின்; பரிசோதித்ததில் எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டும் இல்லை. எட்டாம் மாதம் சிறுநீர்ப்பைக் கழுத்தைத் தளர்த்தும் டம்சுலோசின் 0.4 மி.கி.; தலைசுற்றியதுதான் மிச்சம். ஒன்பதாம் மாதமும் பத்தாம் மாதமும் எடுத்த சிறுநீரில் சீழ்க்கலம் 50க்கு மேல், இரண்டிலும் வளர்ச்சி இல்லை. பத்தாம் மாதச் சீட்டில் அமிட்ரிப்டிலின் 10 மி.கி.; காரணம் "மனப்பதற்றம்".

இவற்றுக்கிடையே வீட்டில் பொல்பலா அவித்துக் குடித்தார், நீர்முள்ளி குடித்தார், செவ்விளநீர் குடித்தார். எதுவும் விஷமல்ல. ஆனால் சிறுநீர்ப்பை சுருங்கிப்போனவருக்கு நீர் பெருக்கும் கசாயம் கொடுத்தால் நடை கூடுமே தவிரக் குறையாது. "சூட்டுக்கு நல்லதுன்னு குடிச்சா அன்னைக்குத்தான் கூடப் போகுது" என்று அவரே சொன்னார்.

முதல் சீட்டை எழுதியவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடுப்போடு வந்தவருக்கு, ஆய்வுகூடம் இல்லாத இடத்தில், அதைத்தான் பெரும்பாலானோர் எழுதுவார்கள். பிழை ஐந்தாம் மாதத்தில் தொடங்குகிறது. "வளர்ச்சி இல்லை" என்ற வரியை "தொற்று இல்லை" என்று வாசித்தார்கள். சீழ் இருக்கிறது, சாதாரணக் கிருமி இல்லை. அப்படியானால் சீழ் எதனால் என்ற கேள்வி அங்கேயே எழுந்திருக்க வேண்டும்.

அந்த வரியில் என்ன இருக்கிறது

சாதாரண சிறுநீர் வளர்ப்புத் தட்டை 24 முதல் 48 மணித்தியாலத்தில் பார்த்துவிட்டு எறிந்துவிடுவார்கள். ஈ.கோலை போன்ற கிருமி ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பதால் அந்த நேரம் போதும். காசநோய்க் கிருமி ஒருமுறை இரட்டிக்கவே 15 முதல் 20 மணித்தியாலம் எடுக்கும். அந்தத் தட்டின் ஊட்டமும் அதற்கு ஒத்துவராது. தட்டை எறியும்போது அது இரண்டாகவோ நான்காகவோ, மிஞ்சினால் எட்டாகவோதான் ஆகியிருக்கும்.

இதோடு ஃப்ளொக்சசின் குடும்ப மருந்துகளின் குணமும் சேர்ந்துகொண்டது. இவை காசநோய்க் கிருமியையும் ஓரளவு அடிக்கும். லெவோஃப்ளொக்சசின், வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கே கொடுக்கும் மருந்து. தனியாக, குறுகிய காலம் கொடுத்தால் நோயாளர் சுகமடைந்ததாக நினைப்பார், கிருமி மாதிரியில் பிடிபடாமல் ஒளியும், எதிர்ப்புச் சக்தி பெறவும் வழி பிறக்கும். லெவோஃப்ளொக்சசினில் இரண்டு வாரம் சுகம், பிறகு அதே கடுப்பு என்ற கதையைக் கேட்டால், மருந்து பாதி வேலை செய்தது என்பதையும் ஒரு தடயமாக எழுதிக்கொள்ள வேண்டும்.

கேட்ட கேள்விகள், தொட்டுப் பார்த்தது

"வீட்டில் யாருக்காவது காசநோய் வந்ததா?" என்று கேட்டதற்கு இல்லை என்றார். கேள்வியை மாற்றிப் போட்டோம்: "வீட்டில் யாராவது ஆறு மாசம் விடாமல் மாத்திரை குடிச்சாங்களா? கிளினிக்குக்குப் போய்ச் சளி குடுத்துட்டு வந்தாங்களா?" உடனே பதில் வந்தது. "ஆமா, அப்பாயி. நான் ஏழாங்கிளாஸ் படிக்கையில. அவங்ககூடத்தான் படுத்துக்குவேன்." பதினான்கு வருடத்துக்கு முந்தியது. நோயின் பெயரை அந்த வீட்டில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. ஒரே லயக் காம்பிராவில் ஆறேழு பேர் படுக்கும் வீட்டில் இந்தக் கேள்வியைப் பெயர் சொல்லிக் கேட்பதைவிட நடந்ததைச் சொல்லிக் கேட்பது பலன் தரும்.

நுரையீரலில் ஒருமுறை இறங்கிய கிருமி இரத்தத்தோடு போய் இரண்டு சிறுநீரகங்களின் புறணியிலும் தூங்கிக் கிடக்கும். பல வருடம் கழித்து, ஒரு பக்கத்தில் விழித்து, சிறுநீரகத்தில் சிறுநீர் சேரும் குழிவுக்குள் உடைந்து, சிறுநீரோடு கீழே இறங்கும். சிறுநீரகத்திலிருந்து பைக்கு இறங்கும் சிறுநீர்க்கான், பிறகு பை. விரைப்பக்கத்துக்குப் பெரும்பாலும் இரத்த வழியாகவே போகும். காய்ச்சல், இரவு வியர்வை, இருமல் எதுவும் இல்லாமலே இவ்வளவும் நடக்கலாம். இவருக்கும் காய்ச்சல் இருக்கவில்லை. நிறை மட்டும் 58 கிலோவிலிருந்து 53க்கு இறங்கியிருந்தது. தூக்கமில்லாததால் என்று நினைத்திருந்தார்.

முந்திய ஒன்பது சீட்டுகளிலும் விரையைத் தொட்டுப் பார்த்ததற்கான குறிப்பு இல்லை. இடது விரைக்குப் பின்னால் ஒட்டிக் கிடக்கும் சுருள்குழாயின் அடிப்பகுதி கோலிக்குண்டு போலக் கெட்டியாக, மேடு பள்ளமாக இருந்தது, அழுத்தினால் வலியில்லை. விந்துக்குழாயை விரலிடையில் உருட்டினால் செபமாலை மணிபோல முடிச்சு முடிச்சாகத் தட்டுப்பட்டது. சாதாரண அழற்சி என்றால் தொடவே விடமாட்டார்கள். வலியில்லாத கெட்டியும் சிறுநீரில் சீழும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தால் காசநோயை முதலில் வைத்துப் பார்ப்பதே சரி.

குதத்தைச் சுற்றிய உணர்ச்சி, தசை இறுக்கம், கால் பலம் எல்லாம் சரி. உரமூட்டை தூக்கும் வேலை செய்தவர் என்பதால் இதைத் தனியாகக் குறித்தோம். இடுப்பு முள்ளந்தண்டில் தட்டு நழுவி நரம்புக் கட்டை அழுத்தினாலும் இளைஞர்களுக்குச் சிறுநீர்க் கோளாறுதான் முதலில் தெரியலாம். அது அன்றைக்கே அனுப்பவேண்டிய அவசரம்.

மூன்று நாள் கணக்கு

வீட்டில் அளவுக்குவளை கிடையாது. ஒரு வாய் அகன்ற பிளாஸ்டிக் போத்தலை எடுத்து, பாணி மருந்தோடு வரும் சிறு கோப்பையால் 30 மி.லீ. வீதம் தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு மட்டத்திலும் மார்க்கர் பேனையால் கோடு போட்டுக் கொடுத்தோம். ஒவ்வொரு தடவையும் நேரமும் அளவும் எழுத வேண்டும். எழும்பிய முதல் சிறுநீர் முந்திய இரவின் கணக்கில் சேரும். மூன்று நாள் போதும். ஒரு வாரம் என்றால் நாலாம் நாளிலிருந்து மனக்கணக்காக எழுதிவிடுவார்கள்.

கணக்கு இப்படி வந்தது: நாளுக்கு சராசரி 25 தடவை, மொத்தம் 1,500 மி.லீ. அளவில், ஒரு தடவைக்குச் சராசரி 60, ஆகக் கூடியது 90. இரவில் 5 தடவை, 290 மி.லீ.

இந்த ஒரு தாளே பல நோய்களை ஓரங்கட்டியது. மொத்த அளவு இயல்பானது, ஆகவே சீனி வியாதியோ அதிகம் குடிப்பதோ இல்லை. இரவுப் பங்கு ஐந்தில் ஒன்றுக்குள் நிற்கிறது, ஆகவே இரவில் மட்டும் நீர் கூடவில்லை. பகலும் இரவும் ஒரே சின்ன அளவு. பதற்றத்தால் போகிறவருக்குத் தூக்கத்தில் பை அடங்கும். காலையில் எழும்பும்போது 300, 400 மி.லீ. ஒரேயடியாகப் போகும். இவருக்கு அப்படி ஒரு தடவைகூட இல்லை. பைக்குள் இடமே இல்லை என்பதுதான் அதன் பொருள்.

பிளேன்டீயைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாளுக்கு ஐந்து கோப்பை குடிப்பவரை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். நிறுத்தினார். 25 தடவை 23 ஆனது. தேயிலை பையை உறுத்தும் என்பது உண்மை. சீழ்க்கலத்தை அது உண்டாக்காது.

வேறு என்னவாக இருந்திருக்கலாம்

இளைஞருக்குச் சீழ் இருந்து கிருமி வளராவிட்டால் முதலில் நினைக்கவேண்டியது கிளமீடியா போன்ற பாலியல் தொற்று, அதுதான் சாதாரணம். முதலில் வரும் 20 மி.லீ. சிறுநீரில் மரபணுப் பரிசோதனை செய்தால் தெரியும், நடுச்சிறுநீரில் செய்தால் தவறலாம். இவருக்கு இல்லை.

சிறுநீர்க்கான் பையோடு சேரும் இடத்தில் சிக்கிய கல் பெரிய ஏமாற்றுக்காரன். விலாவில் குத்து இல்லாமலே, நுனியில் கூச்சம், அடிக்கடி முட்டுதல், செங்கலம், சிறிது சீழ் என்று பை நோய்போலவே நடிக்கும். பை காலியாக இருக்கும்போது ஸ்கேன் பார்த்தால் தவறிவிடும். பை ஓரளவு நிரம்பியிருக்க வேண்டும், அல்லது மையில்லாத சீ.டீ. எடுக்க வேண்டும்.

சிறுநீர்வழி ஒடுக்கத்தில் கதை வேறு: தாரை மெலியும், முக்க வேண்டும், முடிந்த பிறகும் சொட்டும். மரக்குத்தியிலோ சைக்கிள் கம்பியிலோ கவட்டை அடிபட்டதா, முன்பு கதீட்டர் போட்டார்களா என்று கேட்க வேண்டும். பாய்ச்சல் வரைபடம் மலைபோல ஏறி இறங்காமல் மேசைபோலத் தட்டையாக இருக்கும்.

பைக் கழுத்து திறக்காத கோளாறும் இளைஞர்களில் பல வருடம் பிடிபடாமல் கிடக்கும். பள்ளி நாளிலிருந்தே சிறுநீர் தொடங்கக் காத்திருப்பவர், பக்கத்தில் ஆள் நின்றால் போகமாட்டாதவர், "வெட்கம்" என்று ஒதுக்கப்பட்டவர். புரோஸ்டேட் சிறியது என்பதால் அடைப்பு இருக்காது என்று விடக்கூடாது. பையின் அழுத்தத்தையும் பாய்ச்சலையும் எக்ஸ்ரே படத்தோடு சேர்த்து அளந்தால்தான் உறுதி. டம்சுலோசின் பலருக்கு உதவும். கழுத்தை வெட்டிவிட்டால் விந்து பின்னோக்கிப் போகக்கூடும் என்பதை முன்பே சொல்லவேண்டும். அந்த நோயில் சீழ்க்கலம் இருக்காது. இவரை அது விலக்கியது.

புகைப்பவரானால் பையின் மேற்படைப் புற்று, வயது குறைவாக இருந்தாலும். வெளிநாட்டில் இருந்து வந்தவரானால் கெட்டமின் பாவனை, பையைச் சுருக்கும். ஆபிரிக்காவிலோ மேற்காசியாவின் சில பகுதிகளிலோ வேலை செய்து ஆறு குளத்தில் இறங்கியவரானால் சிஸ்டோசோமா. அது இலங்கையில் பரவும் நோயல்ல. இவர் கொழும்புக்கு அப்பால் போனதில்லை.

மாதிரி எடுப்பதில்தான் பாதி வெற்றி

இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 62, ஹீமோகுளோபின் 11.8, கிரியேட்டினின் லீற்றருக்கு 118 மைக்ரோமோல். அறிக்கையில் அந்த 118 எல்லைக்குச் சற்று மேலேதான். 53 கிலோ உடம்புக்கு அது நிச்சயம் கூடுதல். காசநோய்க்காகத் தோலில் குத்தும் மாண்டூ 16 மி.மீ.; பிறந்தவுடன் பீ.சீ.ஜீ. தடுப்பூசி போடும் நாட்டில் அதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்யவில்லை. மார்பு எக்ஸ்ரேயில் வலது உச்சியில் பழைய தழும்பு. சளி இரண்டு தடவை பரிசோதித்தும் கிருமி இல்லை.

சிறுநீர் மாதிரி: தொடர்ந்து மூன்று நாள், முடிந்தால் ஐந்து நாள். காலையில் எழும்பியதும் போகும் முதல் சிறுநீர், நடுத்தாரை அல்ல, முழுவதும். கிருமி விட்டு விட்டுத்தான் இறங்கும். ஒரு நாள் மாதிரியில் இல்லை என்பதற்குப் பொருளில்லை. 24 மணித்தியாலச் சிறுநீரைச் சேர்ப்பதால் பயனில்லை, மற்றக் கிருமிகள்தான் பெருகும். இவருக்கு ஒரு சிக்கல்: பையில் 90 மி.லீ.க்கு மேல் நிற்காது, ஆகவே இரவு முழுவதும் செறிந்த சிறுநீர் என்று ஒன்று கிடையாது. மாலை ஆறு மணிக்குப் பிறகு தண்ணீரைக் குறைத்து, விடியற்காலை இரண்டு தடவை போவதையும் ஒரே போத்தலில் எடுக்கச் சொன்னோம். கடைசி ஃப்ளொக்சசின் குளிசை முடிந்து மாதங்கள் கடந்திருந்தது நல்லதாயிற்று.

போத்தலைக் குளிரில் வைத்து அன்றைக்கே அனுப்ப வேண்டும். ஆய்வுகூடம் குறைந்தது 30 முதல் 50 மி.லீ. சிறுநீரைச் சுழற்றி, அடியில் படிவதை எடுத்துப் பார்க்க வேண்டும். சுழற்றாமல் மேலிருந்து உறிஞ்சிய துளியில் ஒன்றும் கிடைக்காது. படிவுக்குச் சாயமிட்டுப் பார்த்த மூன்று தடவையும் கிருமி தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அதை வைத்து மட்டும் நம்பக்கூடாது. ஆணுறுப்பின் தோல்மடிப்பில் வாழும் தீங்கற்ற ஸ்மெக்மா கிருமியும் அதே சிவப்புச் சாயம் ஏற்கும். கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பேர்ட்டில் இரண்டாம் நாள் மாதிரி பிடித்தது: காசநோய்க் கிருமி உண்டு, முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. முதல் நாளும் மூன்றாம் நாளும் இல்லை என்றே வந்தது. ஒரு மாதிரியோடு நிறுத்தியிருந்தால் பன்னிரண்டாம் மாதமும் பழைய கதைதான். திரவ ஊட்டத்தில் போட்ட வளர்ப்பு 26ஆம் நாள் வளர்ந்தது.

ஸ்கேனில் இடது சிறுநீரகம் வீங்கியிருந்தது, பைச் சுவர் தடித்திருந்தது. மை ஏற்றிய சீ.டீ. யூரோகிராமில் இடது மேல் குழிவு பூச்சி அரித்தது போல ஓரம் சிதைந்தும், இடது சிறுநீர்க்கானின் அடி 2.5 செ.மீ. ஒடுங்கியும், பை எலுமிச்சங்காய் அளவுக்குச் சுருங்கியும் தெரிந்தன. பாய்ச்சல் அளவையில் உச்சம் நொடிக்கு 11 மி.லீ., போன பிறகு பையில் மிச்சம் 5 மி.லீ. போனது 85 மி.லீ. தான், 150க்குக் குறைவாகப் போனால் அந்த வரைபடத்தை நம்பி அடைப்பு உண்டு என்றோ இல்லை என்றோ சொல்லக்கூடாது.

பைக்குள் கருவி விட்டுப் பார்த்தது மயக்க மருந்தில், மெதுவாக, குறைந்த அழுத்தத்தில் நிரப்பி. 110 மி.லீ.யில் பை நின்றுவிட்டது. அதற்கு மேல் தள்ளினால் கிழியும். சுவர் வெல்வெட் போலச் சிவந்து, இடது சிறுநீர்க்கானின் வாய் கோல்ஃப் குழிபோல விறைத்துத் திறந்தபடி இருந்தது. மேற்படைப் புற்றை விலக்க மூன்று இடத்தில் சிறு சதைத்துண்டு எடுக்கப்பட்டது. அதில் ஒரு துண்டு ஃபோமலினுக்குப் போகாமல் உப்புநீரில் போகவேண்டும். வழக்கப்படி எல்லாவற்றையும் ஃபோமலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், வளர்ப்பு இல்லாமல் போகும். சத்திரசிகிச்சைக்கூடத்துக்குள் போகும்முன் இரண்டு போத்தலிலும் பெயர் எழுதி வைப்பதே பாதுகாப்பு. அறிக்கை: காசநோயில் காணும் பாலாடைக்கட்டி போன்ற சிதைவுள்ள கணுக்கள். புற்று இல்லை.

மருந்தும் குழாயும்

காசநோய் என்று உறுதியானதும் அறிவித்தல் கட்டாயம். மருந்து மாவட்ட மார்புச் சிகிச்சை நிலையத்தில் இலவசம். முதல் 2 மாதம் ரிஃபாம்பிசின், ஐசோநயசிட், பைராசினமைட், எதம்பியூட்டோல் நான்கும் சேர்ந்த மாத்திரை, பிறகு 4 மாதம் முதல் இரண்டு மட்டும். ஒரு மாத்திரையில் முறையே 150, 75, 400, 275 மி.கி.; எத்தனை மாத்திரை என்பது நிறைப் பட்டியலின்படி, காலையில் வெறும் வயிற்றில், ஒரே நேரத்தில். நரம்பு எரிச்சல் வராமல் பைரிடொக்சின். தொடங்கும்முன் ஈரல் பரிசோதனையும், எதம்பியூட்டோலுக்காக நிறப்பார்வைப் பரிசோதனையும். அந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறும். கிரியேட்டினின் ஏறினால் கண்ணுக்கு ஆபத்து.

சொல்ல மறக்கக்கூடாத ஒன்று: ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் ஆக்கும். ஏற்கனவே இரத்தம் போனவர் இரண்டாம் நாள் அந்த நிறத்தைப் பார்த்தால் நோய் முற்றிவிட்டது என்று மருந்தை நிறுத்திவிடுவார். நிறம் வந்தால் மருந்து உள்ளே போகிறது என்று முன்பே சொல்லிவிட வேண்டும்.

காசநோய் மருந்து தொடங்கினால் புண் ஆறும். ஆறும்போது தழும்பு சுருங்கும். சுருங்கும்போது சிறுநீர்க்கான் முழுவதும் அடைபடலாம். முதல் சில வாரங்களிலேயே சத்தமில்லாமல் ஒரு சிறுநீரகம் செத்துப்போவது இப்படித்தான். ஆகவே மருந்து தொடங்கும்போதே இடது பக்கத்தைத் திறந்துவிட முடிவானது. கீழிருந்து கம்பி ஏற்ற முயன்றது ஒடுக்கத்தைத் தாண்டவில்லை. பலம் போட்டால் துளைத்துக்கொண்டு வெளியே போகும் என்பதால் விட்டுவிட்டு, முதுகுப்பக்கமாக ஸ்கேன் பார்த்து 8 ஃப்ரெஞ்ச் தடிமன் குழாய் சிறுநீரகத்துக்குள் வைக்கப்பட்டது. முதல் நாள் 900 மி.லீ. வடிந்தது. பத்து நாளில் கிரியேட்டினின் 94.

ஒன்பதாம் நாள் ஒரு சங்கடம். கிளினிக்குக்கு வந்த பஸ்ஸில் குழாயிலிருந்து சிறுநீர் வடியும் பை சீட்டுக் கம்பியில் மாட்டி இழுபட்டு, குழாய் 3 செ.மீ. வெளியே வந்தது, கட்டு நனைந்திருந்தது. புதிய பாதை உறுதிப்பட இரண்டு முதல் நான்கு வாரம் வேண்டும். அதற்கு முன் குழாய் முழுவதும் கழன்றால் சில மணித்தியாலத்தில் பாதை மூடிவிடும். அன்றைக்கே மை செலுத்திப் பார்த்து, கம்பி மேல் குழாய் மாற்றப்பட்டது. பிறகு கட்டும் முறையை மாற்றினோம்: தோல் அருகே ஒரு ஒட்டு, அங்கிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு வளையம் விட்டு இரண்டாவது ஒட்டு, அப்போது இழுவை வளையத்தில் முடியும். அந்த வடிபை எப்போதும் இடுப்புக்குக் கீழே, மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்ய வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை கட்டு மாற்ற வேண்டும். பனிக்காலத்தில் காம்பிரா ஈரத்தில் ஒட்டு கழன்றால் அன்றைக்கே. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ வடிதல் நின்றாலோ காத்திருக்கக் கூடாது. மூன்றாம் வாரம் மேலிருந்து கம்பி இறக்கியதில் ஒடுக்கம் வழிவிட்டது. 6 ஃப்ரெஞ்ச் உள்குழாய் வைத்து முதுகுக் குழாய் எடுக்கப்பட்டது.

மருந்தை நாள்தோறும் தோட்ட டிஸ்பென்சரியில் ஒருவர் முன்னிலையில் விழுங்கினார். வீட்டில் அம்மா அவருக்குத் தனி டம்ளர் ஒதுக்கியிருந்தார். சளியில் கிருமி இல்லாதவர், சிறுநீரால் காற்றில் பரவாது, டம்ளரைக் கழுவி எல்லாரோடும் வைக்கலாம் என்று அம்மாவை நேரில் அழைத்துச் சொன்ன பிறகுதான் அது மாறியது. ஆனாலும் வீட்டார் அனைவரும் பரிசோதிக்கப்பட்டார்கள். மூன்று வயது அண்ணன் மகள் உட்பட யாருக்கும் நோய் இல்லை.

பிறகு

இரண்டாம் மாத முடிவில் கடுப்பு இல்லை, சீழ்க்கலம் 5–8, நாளுக்கு 16 தடவை, ஆகக் கூடியது 130 மி.லீ. ஆறாம் மாதம் 14 தடவை, 150 மி.லீ.; நிறை 59 கிலோ. அதற்கு மேல் அசையவில்லை. கிருமி செத்துவிட்டது, தழும்பு சாகாது. ஐசோடோப் ஸ்கேனில் இடது சிறுநீரகத்தின் பங்கு 31 வீதம், காப்பாற்றத் தகுந்தது. அடி ஒடுக்கம் அப்படியே இருந்தது.

சுருங்கிய தடித்த பையில் சிறுநீர்க்கானை மட்டும் மாற்றி ஒட்டினால் அது மறுபடி அழுத்தத்துக்குள்தான் போகும். ஆகவே இரண்டையும் ஒரே தடவையில் செய்தார்கள்: சிறுகுடலின் கீழ்ப்பகுதியில் 40 செ.மீ. எடுத்து விரித்துப் பையோடு தைத்து, சிறுநீர்க்கானைப் புதிதாகப் பொருத்தினார்கள். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தை ஒட்டிய கடைசி 20 செ.மீ. பகுதியைத் தொடவில்லை. பீ12 அங்கேதான் உறிஞ்சப்படுகிறது. சத்திரசிகிச்சைக்கு முன்பே தானே கதீட்டர் போடப் பழக்கினோம்: கை கழுவி, 12 ஃப்ரெஞ்ச், நீர்க்களிம்பு, கண்ணாடி தேவையில்லை. இதைப் பழக மறுப்பவருக்குக் குடல் பை வைக்கவே கூடாது. குடல் சுருங்கித் தானாகக் காலியாகாமல் போகலாம், சளி அடைத்துப் பை வெடிக்கவும் கூடும். முதல் வாரங்களில் நாள்தோறும் உப்புநீரால் கழுவிச் சளி எடுக்கப்பட்டது. மூன்று வாரம் கழித்து மை செலுத்திக் கசிவு இல்லை என்று பார்த்த பிறகே கதீட்டர் எடுக்கப்பட்டது.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய மூன்றாம் மாதக் கணக்கு: பகலில் 6, இரவில் 1, ஆகக் கூடியது 350 மி.லீ., மிச்சம் 40. கதீட்டர் இரவில் ஒரு தடவை மட்டும். வருடந்தோறும் கிரியேட்டினின், பைகாபனேட், பீ12, கல் உண்டா என்று ஸ்கேன். பத்து வருடத்துக்குப் பிறகு தைத்த இடத்தில் புற்று உண்டா என்று பைக்குள் பார்க்க வேண்டும். கிளினிக் கொப்பியின் உள்ளட்டையில் அந்த வருடத்தைப் பெரிதாக எழுதிக் கொடுத்திருக்கிறது.

கடைசியாக, விந்து. மிகவும் பிந்தித்தான் பரிசோதித்தோம்: 0.8 மி.லீ., விந்தணு இல்லை. இரண்டாவது தடவையும் அப்படியே. குழாய்கள் தழும்பால் அடைபட்டிருக்கின்றன, விரையின் உற்பத்தி நிற்கவில்லை. விரையிலிருந்து நேரடியாக எடுத்துக் கருத்தரிக்கச் செய்யலாம், ஆனால் செலவு பெரிது. தைக் கலியாணத்தை அவர் சத்திரசிகிச்சைக்காகத் தள்ளிப்போட்டிருந்தார். இந்த விடயத்தைப் பெண்ணிடம் தானே சொல்கிறேன் என்றார், சொன்னார். விரையில் கெட்டியைத் தொட்ட அன்றே இதைச் சொல்லி, விந்துப் பரிசோதனையை முதல் வாரத்திலேயே எழுதியிருக்க வேண்டும்.